பதினேழாம் அறை வாசல்

ரோஜா செருப்பை எந்த வாசலிலும் விடமாட்டாள். கோயிலுக்குப் போனால் மஞ்சள் பைக்குள் போட்டு இடுக்கிக்கொள்வாள். டாக்டர் வீட்டு வராந்தாவில் முப்பது ஜோடி கிடந்தாலும் அவளுடையது மட்டும் அவள் கையில் இருக்கும். சிவகாசியில் அவள் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியில் பைண்டிங் பகுதிக்குள் செருப்புப் போடக் கூடாது. தாளில் மண் ஒட்டும். மற்றப் பெண்கள் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். ரோஜா தன் ஜோடியைக் கழிவுத் தாளில் சுற்றி, உட்காரும் சாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள். தங்கத்திலா செய்து போட்டிருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், 'செருப்புக்காரி' என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். காரணம் கேட்டவர்களிடம், சின்ன வயதில் ஒரு தடவை தொலைத்துவிட்டதாகச் சொல்வாள். அதில் பொய் எதுவும் இல்லை.

2009-ல் அவளுக்கு இருபது வயது. எம். புதுப்பட்டியிலிருந்து ஆலங்குளம் போகிற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பூலாங்காடு அவள் ஊர். அறுபத்திரண்டு வீடு. அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா சின்னத்தாய்க்கு வலது கை முழங்கைக்குக் கீழே சுருங்கிப்போய், விரல் மூன்று மடங்காது. அந்தக் கையோடு தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டித்தான் மகளை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். அதற்குமேல் முடியவில்லை. ஆனாலும் ஒன்றில் உறுதியாக இருந்தாள். பட்டாசு வேலைக்கு மட்டும் அனுப்ப மாட்டேன் என்றாள். சிவகாசிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, அச்சகத்துக்கே போகட்டும் என்று விட்டாள்.

அந்த உறுதிக்குக் காரணமான நாள் 2000-ம் ஆண்டு செப்டம்பர் 23, சனிக்கிழமை.

தீபாவளிக்கு முப்பத்துமூன்று நாள் இருந்தது. சீசன் உச்சம். பள்ளிக்கூடத்தில் காலாண்டு விடுமுறை. அந்த வாரம் ஊரில் பதினொரு வயதுப் பிள்ளையை வீட்டில் சும்மா வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை. காலை ஏழு பத்துக்குக் கம்பெனி வேன் வந்தது. ஓட்டுநர் வெள்ளைத்துரை, புதுப்பட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சங்கனேரிக்காரர், முப்பத்தெட்டு வயது. நான்கு ஊருக்குப் போய் ஆள் ஏற்றிவருவார். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபத்திரண்டு பேர் இருப்பார்கள். பிள்ளைகள் நசுங்காமல் இருக்க, தன் பக்கத்தில் எஞ்சின் பெட்டியின் மேல் சாக்கு விரித்து உட்கார வைப்பார். அன்று ஏழு பிள்ளைகள். ரோஜா அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் காலில் அன்றுதான் போட்ட ரப்பர் செருப்பு. சிவப்பு வாரில் மஞ்சள் பிளாஸ்டிக் பூ வைத்தது.

"ஏ பிள்ள, இம்புட்டு அளகான செருப்ப மண்ணுல வச்சு நடப்பியா, இல்ல தலையில வச்சுக்கிடுவியா?" என்றார் வெள்ளைத்துரை. வேன் முழுக்கச் சிரித்தது. ரோஜாவுக்கு வெட்கம் வந்து இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பட்டாசு அறைக்குள் செருப்பு ஆகாது. அடியில் ஒட்டிய கல் தரையில் உரசினால் போதும், அறை போய்விடும். அதனால் ஒவ்வொரு அறை வாசலிலும் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். எத்தனை ஜோடி கிடக்கிறதோ அத்தனை பேர் உள்ளே. போர்மேன் கூட நின்று எண்ண மாட்டார், நடந்துகொண்டே வாசலைப் பார்த்துக் கணக்குச் சொல்லிவிடுவார். ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது விதி. பதினேழாம் எண் அறையில் அன்று பூச்சட்டிக்குத் திரி வைத்தவர்கள் ஐந்து பேர். சின்னத்தாய், செல்லக்கனி, வேறு இரண்டு பெண்கள், ஐந்தாவது ரோஜா. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

பெயர் இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பழக்கம் இருந்தது. அதிகாரிகள் வண்டி வருவதாகத் தெரிந்தால் கேட்டில் மூன்று விசில் அடிப்பார்கள். பிள்ளைகள் பின்வாசல் வழியாக ஓடி, ஓடையைத் தாண்டி வேலிமுள் புதருக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முன்வாசலுக்கு வந்து செருப்பு மாட்ட நேரம் இராது. பெரியவர்களில் ஒருவர் அந்தச் சின்னச் செருப்புகளை எடுத்து ஒளித்துவிடுவார். ரோஜாவின் செருப்பை எடுத்து ஒளிக்க வேண்டியவள் சின்னத்தாய்.

அன்று விசில் அடித்தது பதினொன்று முப்பத்திரண்டுக்கு. சின்னத்தாய் அப்போது அறையில் இல்லை. காலிச் சட்டி எடுத்துவரப் பதினொன்றாம் அறைக்குப் போயிருந்தாள். ரோஜா பின்வாசலில் குதித்து வெறுங்காலோடு ஓடினாள். வருவதாகச் சொன்ன வண்டி வரவே இல்லை. ஏதோ ஒரு ஜீப்பைப் பார்த்து வாட்ச்மேன் அவசரப்பட்டிருக்கிறார். ஏழு பிள்ளைகளும் புதருக்குள் உட்கார்ந்து, அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்குப் பத்தாம் அறை வெடித்தது.

தகரக்கூரை அப்பளம் போல மேலே போனதை ரோஜா பார்த்தாள். அதற்கப்புறம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்றும் தெரியாது. கரிசல் காட்டின் குறுக்கே ஏழு கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. பக்கத்து வீட்டுக்காரி அவள் காலிலிருந்து பதினொரு முள் எடுத்தாள்.

மீதியை ரோஜா பதினைந்து நாள் கழித்துத்தான் கேட்டாள். சின்னத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டோடு வந்திருந்தாள். செல்லக்கனி பார்க்க வந்தாள். பதினேழாம் அறையில் இருந்த மூன்று பெண்களும் முதல் சத்தத்திலேயே ஓடித் தப்பியிருந்தார்கள். குழந்தை காட்டுக்குள் போனது அவர்களுக்குத் தெரியும் என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெள்ளைத்துரை வேனை அறைகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, ஒன்பது பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் போயிருக்கிறார். பத்தாம் அறைக்குப் பக்கத்தில் நின்று கை வெந்துபோன சின்னத்தாயும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. "பல்லக் கடிச்சுக்க மதினி, பதினஞ்சு நிமிசம்" என்று அவர் சொன்னதும், தலைக்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அவர்களை இறக்கிவிட்டுப் பன்னிரண்டு இருபதுக்கு வேன் திரும்பி வந்தது. இனி உள்ளே யாரும் இல்லை என்று கேட்டில் சொல்லியிருக்கிறார்கள். அப்போது எந்தப் பெண்ணோ பதினேழாம் அறை வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடப்பதைப் பார்த்து, உள்ளே பிள்ளை இருக்கிறது என்று கத்தியிருக்கிறாள். வெள்ளைத்துரையும் அவரோடு உதவிக்கு வந்திருந்த நான்கு ஆண்களும் உள்ளே ஓடினார்கள். பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பதினேழாம் அறையும் அதை ஒட்டியிருந்த சரக்கு அறையும் சேர்ந்து போயின. ஐந்து பேரில் ஒருவரும் வெளியே வரவில்லை.

செல்லக்கனி இதைச் சொல்லி முடிக்கும்போது ரோஜா சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னத்தாய் கட்டுப் போடாத கையால் மகளின் வாயைப் பொத்தினாள். ரோஜா எதுவும் பேசவே இல்லை. ஆனாலும் பொத்தினாள். போர்மேன் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: கம்பெனியில் எந்தக் காலத்திலும் பிள்ளைகள் வேலை பார்த்தது கிடையாது; வேறு மாதிரிப் பேசினால் கூட்டிவந்த தாய்மார்தான் முதலில் உள்ளே போக வேண்டியிருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. ஒன்பது வருடம் இல்லை.

2009 ஆகஸ்டில் காலண்டர் சீசன் தொடங்கியபோது பைண்டிங்குக்குப் புதிதாகப் பஞ்சம்மாள் என்ற பெண் வந்து சேர்ந்தாள். நாற்பத்திரண்டு வயது. வேலை சுத்தம், பேச்சு குறைவு. மாதத் தாள்களை வரிசைப்படி எடுத்து அடுக்கித் தட்டி, தகரப்பட்டை அடிக்க அனுப்பும் வேலை. ரோஜாவும் அவளும் ஒரே பலகையில் எதிரும் புதிருமாக மூன்று மாதம் வேலை பார்த்தார்கள். குழம்பு மாற்றிக்கொண்டார்கள். ரோஜாவைச் செருப்புக்காரி என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான். சங்கனேரி என்று ஊர்ப் பெயர் சொன்னபோது கூட ரோஜாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சின் பெட்டியில் உட்கார்ந்துபோன பிள்ளைக்கு அவர் டிரைவர் மாமா, அவ்வளவுதான். அவருக்கு எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கேட்டிராத சங்கதி.

நவம்பர் 9, திங்கட்கிழமை. காலையிலிருந்து மழை. ஜன்னலோரம் சாரல் அடித்து அடுக்கு நனைந்ததில் இடத்துக்குச் சண்டை வந்தது. முத்துமாரியம்மாள் என்று ஒருத்தி, சங்கனேரிக்குப் பக்கத்து ஊர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். பஞ்சம்மாள் அடுக்கை இரண்டடி நகர்த்தி வைத்ததுதான் குற்றம்.

"அடுத்தவுக எடத்துல கை வைக்கிறது ஒங்க குடும்பத்துக்குப் பளக்கம்தான. எரியுற கம்பெனிக்குள்ள சரக்கு அள்ளப் போயிச் செத்தவன் பொண்டாட்டிக்கு வேற என்ன வரும்?"

பஞ்சம்மாள் அடுக்கைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டு, குனிந்து ஜூலைத் தாளை எடுத்தாள், ஆகஸ்டை எடுத்தாள், செப்டம்பரை எடுத்தாள்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ரோஜா மெதுவாகக் கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்த கதைதான் என்று அவள் சொன்னாள். பஞ்சம்மாளின் வீட்டுக்காரர் வேன் டிரைவர். 2000-ம் வருட விபத்தில், ஆள் எல்லாம் வெளியேறின பிறகு, ஊர் ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு சரக்கு அறைக்குப் போனாராம். வேனும் கையில் இருந்ததா, தீபாவளி நேரமும் ஆயிற்றா, அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தார்களாம். விபத்துக் குறிப்பில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எழுதியிருந்தார்கள். எரிகிற இடத்தில் அவ்வளவு உள்ளே போய் யார் வேடிக்கை பார்ப்பார்கள் என்று கேட்டு, ஊரே இந்த முடிவுக்கு வந்துவிட்டது. பஞ்சம்மாளின் மூத்த மகன் பிரபாகரன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதே இந்தப் பேச்சுத் தாங்காமல்தான்.

ரோஜாவுக்குக் கையில் இருந்த தாளை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. எதிரே குனிந்திருந்த தலையின் வகிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஐந்து பேர் செத்தது தன்னால் என்பது அவளுக்குப் பதினொரு வயதிலிருந்து தெரியும். அவர்கள் திருடர்களாகச் செத்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். சின்னத்தாய் வெகுநேரம் லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், ஐந்து குடும்பம் அது, சும்மா விடுவார்களா என்றாள். உன்னைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா, அஞ்சு உயிரைத் தின்றவள் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பாய் என்றாள். நடந்ததை மாற்ற முடியுமா என்றும் கேட்டாள்.

"களவாணின்னு சொல்லுதாகம்மா" என்றாள் ரோஜா. "ஒன்னத் தூக்கி வேன்ல போட்டவரச் சொல்லுதாக."

சின்னத்தாய் மடங்காத விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். எட்டாம் நாளே என் காதுல விளுந்துச்சு" என்றாள்.



செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் பஞ்சம்மாள் தூக்குவாளி கழுவக் குழாயடிக்குப் போனபோது ரோஜா பின்னாலேயே போனாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் சரக்கு அள்ளப் போகல."

பஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். அதைச் சொல்ல நீ யார் என்ற கேள்வி அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"பதினேளாம் ரூமு வாசல்ல கெடந்த செருப்பு என்னுதுக்கா. செவப்பு வாரு, மஞ்சப்பூ. விசில் அடிச்சப்ப நான் பின்வாசல்ல ஓடிட்டேன்."

பஞ்சம்மாள் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தாள். ஈரச் சிமெண்டுத் தரையில் பத்து விரலும் பதிந்து நிற்கின்றனவா என்று குனிந்தே பார்த்தாள். அப்புறம்தான் கண்ணை உயர்த்தினாள்.

"நீ சாகலையா?" என்றாள்.

அவள் அதைக் கோபத்தோடு கேட்கவில்லை. ஆச்சரியத்தோடு கூடக் கேட்கவில்லை. இன்று பஸ் கிடைக்கவில்லையா என்று கேட்கிற குரலில் கேட்டாள். தூக்குவாளி கையிலிருந்து நழுவி, குழாய்க்கு அடியில் உருண்டு நின்றது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோஜா பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொடப் போனாள். பஞ்சம்மாள் விலகிக்கொண்டாள்.

பிறகு தன் பங்கைச் சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எதிரே இருந்த கழிவுத்தாள் மூட்டைகளைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் கம்பெனியிலேயே பேக்கிங்கில் அவளுக்கு வேலை. வெடித்ததும் வெளியே ஓடி, கேட் பக்கம் நின்றிருந்தாள். வேன் இரண்டாம் நடை திரும்பி வந்ததும் புருஷனிடம் ஓடினாள். அப்போதுதான் பதினேழாம் அறை வாசல் அவள் கண்ணில் பட்டது. கத்தியது அவள்தான். வெள்ளைத்துரை திரும்பிப் பார்த்தார். "காலையில எங்கூட வந்த பிள்ளையுதுல்ல அது" என்றார். ஓடினார்.

மறுநாளே அவள் விசாரணைக்கு வந்தவர்களிடம் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். கிடைத்த எலும்புகளில் எது யாருடையது என்று பிரிக்க முடியாத நிலை. வேன் போன நான்கு ஊரில் இரண்டுக்குப் போய், உங்கள் ஊரில் பெண்பிள்ளை யாராவது காணாமல் போயிற்றா என்று கேட்டுப் பார்த்தாள். கதவை மூடினார்கள். அப்படி மூடியதிலேயே அவளுக்கு உறுதியாகிவிட்டது. பெற்றவர்கள் வாயைக் கட்டிவிட்டார்கள், பிள்ளை அவரோடு உள்ளேதான் போயிருக்கிறது என்று முடிவு செய்தாள். அதற்குமேல் அவளும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் கத்தியது யார் என்று ஊர் கேட்கும். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும், நீ சொல்லித்தானே எங்கள் ஆட்கள் போனார்கள் என்று வாசலில் வந்து நிற்பார்கள். அதற்குப் பயந்து, ஐந்து பேரையும் திருடன் என்று சொல்ல விட்டுவிட்டாள்.

"அந்தப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். "ஒம்பது வருசமும் அத நெனச்சுத்தான் ஒறங்குனேன். அப்ப அவரு தனியாத்தான் நின்னுருக்காரு. வெறும் ரூமுல."

மணி அடித்தது. பஞ்சம்மாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று மாலை சூப்பர்வைசர் பார்த்தபோது அவள் அடுக்கிய நாற்பத்தாறு காலண்டரில் பிப்ரவரிக்கு முன்னால் மார்ச் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ரோஜா வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு எங்கள் ஊருக்கு வா, மற்ற நான்கு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன் என்றாள். என்ன சொல்லியிருக்கிறாள் என்று ரோஜா கேட்கவில்லை.

ஞாயிறு காலை சின்னத்தாய் மகளைத் தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை. அந்த ஊரில் நிற்க என் கால் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னாள்.

சங்கனேரியில் பஞ்சம்மாள் வீடு ஒரே அறை. உள்ளே போனதும் ரோஜா மேலே பார்த்தாள். விட்டத்திலிருந்து ஒரு நார்ப்பெட்டி கயிற்றில் தொங்கியது. மூடியில் மஞ்சளும் குங்குமமும். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கன்னியாகச் செத்த பெண்பிள்ளையை வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடும் பெட்டி அது. பூலாங்காட்டிலும் நான்கு வீட்டில் உண்டு. வருடம் ஒரு தடவை புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்துப் பொங்கலிட வேண்டும். போன வருடத்துத் துணியை வீட்டிலுள்ள பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள்.

"இது யாருக்கா?" என்றாள் ரோஜா. கேட்டவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பஞ்சம்மாள் முக்காலியில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். இரண்டும் ஆண்பிள்ளை என்பதால் உடுத்தக் கொடுக்க ஆள் இல்லை. 2001 ஆடி முதல் 2009 ஆடி வரை ஒன்பது பாவாடை சட்டையும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே அளவு, எட்டு வயதுப் பிள்ளைக்கு.

"செருப்பு சின்னதா இருந்துச்சு. எட்டு வயசு இருக்கும்னு நெனச்சுட்டேன்" என்றாள் பஞ்சம்மாள்.

அடியில் கிடந்த முதல் பாவாடை பச்சை. அதை நேற்றுத்தான் கடையிலிருந்து எடுத்தது போல இருந்தது. ரோஜா ஒன்பதையும் எண்ணினாள். தான் பள்ளிக்கூடம் போனது, வயதுக்கு வந்தது, அச்சகத்தில் சேர்ந்தது, பஸ்ஸில் தூங்கி விழுந்தது, எல்லா வருடமும் இந்த வீட்டில் தன்னைச் செத்தவளாக வைத்துச் சூடம் கொளுத்தியிருக்கிறார்கள். தன்னை அறியாமல் கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் பஞ்சம்மாள். "உசுரோட இருக்கவ தொடக் கூடாது." பெட்டியை மூடினாள். அதைத் திரும்ப விட்டத்தில் மாட்டவும் இல்லை, வெளியே கொண்டுபோகவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வா என்றாள்.

வீட்டுக்கு எதிரே வேம்படியில் ஐந்து குடும்பத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேர். பிரபாகரன் தள்ளி ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயதில் மூத்தவர் பெத்தணன். அவருடைய மகன் ஜெயபாண்டி அந்த ஐவரில் இளையவன், இருபத்துநான்கு வயது. மகன் செத்த மறுவருடம், களவாணிக்கு அப்பன் காட்டுக்குக் காவல் எதற்கு என்று சொல்லி, பெத்தணன் பதினெட்டு வருடம் பார்த்த புஞ்சைக் காவல் வேலையிலிருந்து நிலத்துக்காரச் சம்சாரி அவரை நிறுத்திவிட்டார்.

பஞ்சம்மாள் முதலில் பேசினாள். கத்தியது நான்தான் என்றாள். செருப்பைப் பார்த்ததையும், புருஷன் சொன்ன வார்த்தையையும், இத்தனை வருடம் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை இதுதான் என்று ரோஜாவைக் காட்டினாள். ரோஜா விசிலையும் பின்வாசலையும் வேலிமுள் புதரையும் சொன்னாள்.

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு பெண் வாயைத் திறந்தபடியே இருந்தாள். இன்னொருத்தி, "அப்ப உள்ள யாருமே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் ரோஜா. கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடியும், "ஒருத்தருமே இல்லையா?" என்றாள். இல்லை. மூன்றாவது தடவை கேட்காமல் எழுந்து பஞ்சம்மாளுக்கு முன்னால் வந்து நின்றாள். கை உயர்ந்தது. பஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உயர்ந்த கை அப்படியே இறங்கியது. அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். பிரபாகரன் சைக்கிளைச் சாத்தி நிறுத்தினான். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

பெத்தணன் ரோஜாவைப் பார்க்கவில்லை. பஞ்சம்மாளைத்தான் பார்த்தார்.

"அப்ப ஏம்மகன் சரக்குக்குப் போகல."

"இல்ல மாமா."

"ஒம்பது வருசமா ஒனக்குத் தெரியும்."

"தெரியும் மாமா."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். மறுபடியும் எடுத்தார், உதறினார், போட்டார். திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் திட்டவில்லை.

"வாயால சொன்னா நிக்காது" என்றார். "அன்னைக்கி எளுதி வச்சதுதான இன்னிவரைக்கும் நிக்கி. இந்தப் பிள்ளைக்கு எளுதத் தெரியுமா?"

தெரியும் என்றாள் ரோஜா. பிரபாகரன் வீட்டுக்குள் போய்ப் பழைய காலண்டரிலிருந்து ஒரு மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவள் அதன் வெள்ளைப் பக்கத்தில், பலகைக் கட்டையை மடியில் வைத்து எழுதினாள். பெத்தணன் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், தகப்பன் பெயரும் வயதும் சேர்த்துச் சொன்னார். இரண்டு பேருக்கு வயதைத் தப்பாக எழுதிவிட்டாள்; அடித்துத் திருத்தச் சொன்னார். தேதி, கிழமை, மணி எல்லாம் இருக்க வேண்டும் என்றார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். ஐந்து பெயர்களுக்குக் கீழே அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

23.9.2000 சனிக்கிழமை பகல் 12.25 மணிக்கு இவர்கள் ஐந்து பேரும் பதினேழாம் அறைக்குள் போனது என்னைத் தேடி. சரக்கு எடுக்கப் போகவில்லை, வேடிக்கை பார்க்கவும் போகவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. நான் உள்ளே இல்லை.

பெத்தணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"அந்தக் கடைசி வரி வேணுமா தாயி?" என்றார்.

ரோஜா தாளைப் பார்த்தாள். "வேணும் தாத்தா, அதுதான நடந்தது" என்றாள்.

சரி, இருக்கட்டும், கையெழுத்துப் போடு என்றார்.